சீட்டில் ஏறிய துயரம்

நம் சங்கத்தைச் சார்ந்த ஒரு குடும்பத்தில் அண்மையில் எழுந்த கருத்து வேறுபாடு ஒன்றே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று. அவ்வீட்டு மூதாட்டியார் தொண்ணூறு வயதைக் கடந்தவர், இரங்கூனில் பிறந்தவர். 1941ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் சப்பானிய வானூர்திகள் அந்நகரின்மீது குண்டு பொழிந்தபோது அவருக்கு வயது எட்டு. அடுத்த ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் இரங்கூன் வீழ்ந்தது. பருமாவிலிருந்து அக்காலத்தில் வெளியேறிய இந்தியர் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர். அவருள் பெரும்பகுதியினர் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தனர். பசியாலும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர் பல்லாயிரவர். வெள்ளையர்க்கு ஒரு வழி, இந்தியர்க்கு ஒரு வழி என்று பாகுபாடு காட்டப்பட்டதாக அன்றே குறை எழுந்தது. தாமு வழியாக இம்பாலை நோக்கி நடந்த கூட்டத்தில் இச்சிறுமியும், இவருடைய தாயும், மூன்று வயதுத் தம்பியும் இருந்தனர். தாயும் மகளும் வந்து சேர்ந்தனர். தம்பி வந்து சேரவில்லை.

மூதாட்டியாரின் பெயரன் ஓவியம் பயின்றவர். டாரட் என்னும் குறி பார்க்கும் சீட்டுக்கட்டு ஒன்றை அவர் புதிதாக வரைய முற்பட்டார். பாட்டியார் நடந்து வந்த பயணமே அக்கட்டின் பொருள். ‘மரணம்’ என்னும் சீட்டுக்கு, ஒரு தாய் மரத்தடியில் குழந்தையைப் புதைக்கும் காட்சியை எழுதியிருந்தார். படம் நன்றாகவே அமைந்திருந்தது. அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்த பாட்டியார் கேட்டது ஒரே கேள்விதான்: “என் தம்பியை வைத்து யாருக்கடா சோசியம் பார்க்கப் போகிறாய்?”

பெயரனுக்கும் ஒரு நியாயம் இருந்தது. “வரலாற்று நூல்களில் இந்தப் பயணத்துக்கு இரண்டு வரிகூட இல்லை. நூலைப் படிப்பாரும் குறைவு. சீட்டு என்றால் கைக்குக் கை போகும். பாட்டியின் கதை மறையாமல் இருக்கட்டும் என்றுதான் வரைந்தேன்” என்றார் அவர். இருவர் சொல்வதும் உண்மையென்றே நமக்குப் பட்டது. ஆகவே, துன்பம் நிறைந்த அரசியல் வரலாற்றைச் சீட்டில் ஏற்றலாமா, ஏற்றினால் எவ்வாறு ஏற்றலாம் என்பதை முன்னையோர் செய்தவற்றைக்கொண்டு ஆராய்வது நலம் எனக் கருதினோம்.

டாரட் சீட்டின் பிறப்பு

டாரட் என்றவுடன் எகிப்து நாட்டுப் பண்டைய ஞானம் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. இச்சீட்டுகள் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட இத்தாலிய நகரங்களில் பிறந்தவை, விளையாடுவதற்கென்றே பிறந்தவை. வழக்கமான நான்கு வகைச் சீட்டுகளோடு, அவற்றை வெல்லும் ஆற்றல் கொண்ட படச்சீட்டுகளையும் சேர்த்து அமைக்கப்பட்ட ஆட்டம் அது. பேரரசன், பேரரசி, சக்கரம், மரணம், ஞாயிறு, திங்கள் முதலியன அப்படங்கள்.

குறி பார்க்கும் வழக்கம் பரவியதெல்லாம் 18ஆம் நூற்றாண்டில்தான். கூர் தெ ஜெபலின் என்னும் பிரெஞ்சுக்காரர் 1781இல் வெளியிட்ட தம் நூற்றொகுதியில், இவை எகிப்தியக் குருமாரின் மறைநூல் என்று எழுதினார். எகிப்தியப் பட எழுத்துகளைப் படிக்கும் வழியைச் சாம்போலியன் கண்டறிந்து அறிவித்ததே 1822இல்தான் என்றால், அக்கூற்றின் வலிமையை நாமே உணரலாம். ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்து மெய்யியல் அறிஞர் மைக்கேல் டம்மெட் 1980இல் வெளியிட்ட பெருநூலில் இச்சீட்டின் உண்மை வரலாற்றை விரிவாக நிறுவினார். இன்று பெரிதும் வழங்கும் படங்கள் 1909இல் பமேலா கோல்மன் ஸ்மித் என்னும் பெண் ஓவியர் இலண்டனில் வரைந்தவை.

நம் ஊர்த் தெருக்களில் கிளி எடுத்துத் தரும் சீட்டைக் கண்டு வளர்ந்த நமக்குப் படம் பார்த்துக் குறி சொல்லும் முறை புதிதன்று. அச்சீட்டில் முருகன் வந்தால் மகிழ்வோம். வேறொன்று வந்தால் பரிகாரம் கேட்போம். தெய்வம் எல்லார்க்கும் பொது. ஆகவே அச்சீட்டு யாரையும் புண்படுத்துவதில்லை. ஒருவர் வீட்டுச் சாவு அவ்வாறு பொதுவானதா என்பதே நம் வினா.

தலைகீழாய்த் தொங்கும் மனிதன்

டாரட் சீட்டில் துயரம் புதிதாக நுழையவில்லை, தொடக்கத்திலேயே இருந்தது. ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கும் மனிதன் ஒருவன் அக்கட்டில் உண்டு. இன்று குறி சொல்வோர் அதற்குப் பொறுமை என்றும், தியாகம் என்றும், புதிய பார்வை என்றும் பொருள் உரைக்கின்றனர். அச்சீட்டை முதலில் கையில் எடுத்த இத்தாலியர்க்கு அதன் பொருள் வேறு. அவர்கள் அதற்கு இட்ட பெயர்களுள் ஒன்று ‘துரோகி’ என்பது.

நாட்டுக்கு இரண்டகம் செய்தவன் தப்பியோடிவிட்டால், அவன் உருவத்தைத் தலைகீழாகத் தொங்குவதுபோல் பொதுச் சுவரில் எழுதி மானத்தை வாங்குவது அந்நகரங்களில் அரசு விதித்த தண்டனை. 1440இல் நடந்த அங்கியாரிப் போருக்குப்பின் புளோரன்சு நகரில் அத்தகைய உருவங்களை எழுதிய ஆந்திரேயா தெல் காஸ்தாஞோ என்னும் ஓவியருக்குத் ‘தூக்கிலிடப்பட்டோரின் ஆந்திரேயா’ என்னும் பட்டப்பெயரே நிலைத்தது. 1478இல் பாத்சிக் குடும்பத்தார் செய்த சதிக்குப்பின் அதே பணியைச் செய்தவர் புகழ்பெற்ற போத்திசெல்லி.

இன்று நமக்குக் கிடைக்கும் பழைய கட்டுகளுள் சிறந்தது, மிலான் நகரை ஆண்ட விஸ்கொந்தி, ஸ்போர்சா குடும்பங்களின் பெயரால் வழங்குவது. 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பொன் தகடு இழைத்து எழுதப்பட்ட அக்கட்டில் 74 சீட்டுகள் எஞ்சியுள்ளன. அவை நியூயார்க்கு நகரத்து மார்கன் நூலகத்திலும், இத்தாலியின் பெர்கமோ நகரிலும் பிரிந்து கிடக்கின்றன. அக்கட்டுக்குரிய பிரான்செஸ்கோ ஸ்போர்சாவின் தந்தை மூத்சியோ ஒரு படைத்தலைவர். 1412இல் அவர் கட்சி மாறினார் என்று சினந்து, போப்பாண்டவர் பதவிக்கு அந்நாளில் உரிமை கொண்டாடிய மூவருள் ஒருவர், உரோமை நகரில் அவர் உருவைக் காலைக் கட்டித் தலைகீழாய்த் தொங்கவிட்டு எழுதச் செய்தார். தந்தைக்கு நேர்ந்த அவமானத்தின் வடிவம் மகனுடைய விளையாட்டுச் சீட்டில் பொன்னில் மின்னியது.

இச்செய்தியைச் சுட்டிக்காட்டிய கெர்ட்ரூடு மோக்லி என்னும் அமெரிக்க நூலகர் 1966இல் எழுதிய நூலில் மற்றொன்றும் கூறினார். அக்கட்டில் உள்ள ‘பெண் போப்பாண்டவர்’ என்னும் சீட்டு, விஸ்கொந்தி குடும்பத்துக்கு உறவினரும், சமயப் பிரிவு ஒன்றால் தலைமைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும், 1300இல் எரித்துக் கொல்லப்பட்டவருமான மன்பிரேதா என்னும் துறவியைக் குறிக்கலாம் என்பது அவர் கருத்து. இஃது ஊகமே, எனினும் எண்ணத்தக்க ஊகம்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தபின் துரோகியின் அவமானம் பொறுமையின் சின்னமாக மாறிவிட்டது. அதனால் புண்படுவார் இன்று எவரும் இலர். காலம் துயரத்தைக் கழுவிவிடும். கழுவும்போது உண்மையையும் சேர்த்தே கழுவிவிடும். ‘சீட்டில் ஏற்றினால் கதை மறையாது’ என்று சொல்லும் இளைஞர் இதை நினைவிற்கொள்ள வேண்டும். சீட்டு படத்தைக் காப்பாற்றியது, கதையைக் காப்பாற்றவில்லை.

பொய் ஏறிய சீட்டு

இரண்டாவது சான்று இங்கிலாந்தைச் சார்ந்தது. 1678இல் டைட்டஸ் ஓட்சு என்பவன், கத்தோலிக்கர் கூடி அரசர் இரண்டாம் சார்லசைக் கொல்லச் சதி செய்கின்றனர் என்று கூறினான். அவன் சொன்னது முழுப் பொய். அதே ஆண்டு அக்டோபரில், அவனுடைய வாக்குமூலத்தைப் பதிந்த நடுவர் காட்பிரே பிணமாகக் கிடந்தார். நாடு கொதித்தது. குற்றமற்றவர் பலர் தூக்கிலிடப்பட்டனர். அயர்லாந்துப் பேராயர் ஆலிவர் பிளங்கெட் 1681இல் கொல்லப்பட்டதும் இப்பொய்யின் விளைவே. 1975இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

அந்தக் கொதிப்பின் நடுவே, 1679இல், ‘சதி’யின் கதையைச் சொல்லும் சீட்டுக்கட்டு ஒன்று இலண்டனில் விற்பனைக்கு வந்தது. பிரான்சிசு பார்லோ என்னும் தேர்ந்த ஓவியர் வரைந்தது அது. காட்பிரேயின் கொலையும், ‘சதிகாரர்’ பெற்ற தண்டனையும் சீட்டுக்குச் சீட்டு எழுதப்பட்டிருந்தன. மக்கள் மாலை வேளையில் அவற்றைக் கலைத்துப் போட்டு ஆடினர். 1685இல் ஓட்சு பொய்ச்சாட்சி சொன்னவன் என்று முறைமன்றம் தீர்ப்பளித்துச் சவுக்கடியும் சிறையும் விதித்தது. தீர்ப்பு வந்துவிட்டது, ஆனால் வீடுகளில் இருந்த சீட்டுகளை யார் திருத்துவது?

நம் காலத்திலும் இதற்கு ஒப்பானது நிகழ்ந்தது. 2003ஆம் ஆண்டு ஏப்ரலில், ஈராக்கில் நுழைந்த அமெரிக்கப் படையினர்க்குத் தேடப்படுவோரின் படம் அச்சிட்ட சீட்டுக்கட்டு வழங்கப்பட்டது. சதாம் உசேன் அதில் இசுபேடு ஏசு. பகைவரின் முகத்தைப் படைவீரர் நினைவில் வைத்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு என்று அதற்குக் காரணம் கூறலாம். ஆயின் விரைவிலேயே அக்கட்டின் படிகள் அமெரிக்கக் கடைகளிலும் விற்பனைக்கு வந்தன. ஒரு நாடு தீப்பற்றி எரிந்துகொண்டிருக்கும்போது மற்றொரு நாட்டில் அது பொழுதுபோக்குப் பண்டமாயிற்று. வென்றவன் கையில் தூரிகை இருக்கும்போது தோற்றவன் முகம் வெறும் சீட்டாகிவிடுகிறது.

மார்செய் நகரில் ஒரு குளிர்காலம்

இனி, துன்புற்றோரே வரைந்த சீட்டுகளைக் காண்போம். 1940இல் செருமானியரிடம் பிரான்சு வீழ்ந்தபின், நாசிகளின் கைக்குத் தப்ப விழைந்த எழுத்தாளரும் கலைஞரும் தென்கோடித் துறைமுகமான மார்செய் நகரில் கூடினர். வேரியன் பிரை என்னும் அமெரிக்க இளைஞர் அவர்களைக் கடல் கடத்தி அனுப்பும் பணியில் ஈடுபட்டிருந்தார். நகர்ப்புறத்திலிருந்த ஏர்பெல் என்னும் பழைய மாளிகையில் கவிஞர் அந்திரே பிரெத்தோனும் அவர் நண்பர்களும் நுழைவுச் சீட்டுக்காகக் காத்திருந்தனர். உணவு இல்லை, விறகு இல்லை, நாளை என்ன ஆகும் என்பதும் தெரியாது. அக்குளிர்காலத்தில் அவர்கள் கூடி ஒரு புதிய சீட்டுக்கட்டை வரைந்தனர். ஓவியர் மாக்சு எர்ன்சுட்டு, விக்டர் பிரவுனர், விபிரதோ லாம், அந்திரே மசோன், ஜாக்லின் லாம்பா முதலியோர் ஆளுக்குச் சில படங்கள் எழுதினர்.

அவர்கள் தம் துன்பத்தை அதில் எழுதவில்லை என்பதே கருதத்தக்கது. எர்ன்சுட்டு அதற்குச் சற்று முன்னர்தான் பிரெஞ்சுத் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்தவர். எனினும் முகாமை அவர் சீட்டில் எழுதவில்லை. மாறாக, அரசன், அரசி, சேவகன் ஆகிய மூவரையும் நீக்கி, மேதை, கடற்கன்னி, மந்திரவாதி என்று மாற்றினர். நான்கு வகைகளையும் காதல், கனவு, புரட்சி, அறிவு என்று புதிதாக வகுத்தனர். எகெலும் பாதலேரும் அரசர் இருந்த இடத்திலும், பிராய்டு சேவகன் இருந்த இடத்திலும் அமர்ந்தனர். ஆட்சியாளர்கள் உலகைச் சூதாடிக்கொண்டிருந்தபோது, ‘எங்கள் சீட்டில் உமக்கு இடமில்லை’ என்று சொல்லாமற் சொன்னது அக்கட்டு. 1941 மார்ச்சில் பிரெத்தோனும் லாமும் கப்பல் ஏறினர். அவ்வோவியங்கள் 2003இல் மார்செய் நகரத்துக் காந்தினி அருங்காட்சியகத்துக்குக் கொடையாக வந்து சேர்ந்தன.

முகாமுக்குள் ஒரு சீட்டுக்கட்டு

இதற்கு நேர்மாறான வழியில் சென்றவர் சுலோவீனிய நாட்டுப் போரிசு கோபே. 1905இல் பிறந்து 1981இல் மறைந்த இவர் கட்டடக் கலைஞர், ஓவியர். அரசியற் கைதியாகத் தக்காவ் வதைமுகாமின் கிளையான அலாக்கில் அடைக்கப்பட்டார். அங்கே 1945இல் அவர் 54 சிறு சீட்டுகள் கொண்ட கட்டு ஒன்றை வரைந்தார். தாரோக் என்னும் பெயரில் அவர் நாட்டு மக்கள் வீடுதோறும் ஆடும் ஆட்டத்துக்குரிய கட்டு அது. குறி பார்ப்பதற்கு உரியதன்று. பழைய கட்டில் மன்னரும் வீரரும் நிற்கும் இடங்களில், முகாமின் கொடுமையையும் கைதிகள் பட்ட இழிவையும் அவர் எழுதினார்.

அந்த ஏப்ரல் இறுதியில் அமெரிக்கப் படை வந்து முகாமின் கதவைத் திறந்தது. கோபே உயிரோடு வெளிவந்தார், சீட்டுகளும் வந்தன. இன்று அவை அம்முகாமுக்குச் சான்று பகரும் ஆவணம். பாட்டியார் கேட்ட கேள்வியை அவரிடம் எவரும் கேட்க முடியாது. ஏனெனில் அவர் எழுதியது தம் உடல்மேல் விழுந்த அடியை. வரைந்தவரும் பட்டவரும் ஒருவரே.

கலைக்கப்படும் வரலாறு

மேற்கண்ட சான்றுகளைத் தொகுத்து நோக்கின் சில உண்மைகள் புலப்படும்.

முதலாவது, யார் வரைவது என்பது. பட்டவர் தம் துயரத்தை எவ்வடிவில் சொன்னாலும் அது சான்று. பாராதவர் வரைந்தால், பட்டவரின் இசைவு வேண்டும். பட்டவர் இல்லையெனில், அவர் நினைவைச் சுமப்போரின் இசைவாவது வேண்டும். பெயரனாகப் பிறந்த உரிமை மட்டும் இதற்குப் போதாது.

இரண்டாவது, உண்மை. பார்லோவின் கைத்திறனில் குறையில்லை. அவர் நம்பிய செய்தியில்தான் பொய் இருந்தது. நல்ல ஓவியம் பொய்யை நெடுநாள் வாழவைக்கும்.

மூன்றாவதே நம் கருத்தில் தலையாயது. வரலாற்றுக்கு ஒரு வரிசை உண்டு. ஒருவர் செய்ததால் மற்றொன்று விளைந்தது. சீட்டின் இயல்போ கலைக்கப்படுவது. கலைத்துப் போட்ட கட்டில் காரணமும் இல்லை, விளைவும் இல்லை, செய்தவனும் இல்லை. அதிலும் ஆட்டச்சீட்டாயின், எதிரில் இருப்பவரை வெல்வதோடு நின்றுவிடும். குறிச்சீட்டாயின் இன்னும் ஒரு படி மேலே செல்லும். அதில் எடுத்த படம் எடுத்தவரின் தலையெழுத்து ஆகிவிடுகிறது. போரில் ஒரு குழந்தை சோறும் மருந்தும் இன்றி மாண்டது விதியன்று. அது மனிதர் தொடுத்த போர். மனிதர் செய்யத் தவறிய ஏற்பாடு. அதைக் குறிச்சீட்டில் ஏற்றும்போது, பொறுப்பேற்க வேண்டியவர் மறைந்து, ஊழ் ஒன்றே நிற்கிறது. மேலும், அக்குழந்தையின் சாவு வேறொருவரின் பதவி உயர்வுக்கோ திருமணத்துக்கோ குறியாகிறது. பாட்டியாரின் ஒற்றைக் கேள்வியில் இவ்வளவும் அடங்கியிருந்தன.

நம் நாட்டிலேயே இதற்கு நேர்மாறான ஒரு முன்மாதிரி உண்டு. 1943இல் வங்கப் பஞ்சத்தில் முப்பது இலட்சம் பேர் வரை மடிந்தனர் எனக் கணக்கிடப்படுகிறது. அவ்வாண்டு இறுதியில் சித்தப்பிரசாத் என்னும் ஓவியர் மிதினாப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்தார். எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர்களை மையினால் எழுதினார். அவர்கள் பெயரையும் கதையையும் கேட்டுக் குறித்தார். அவற்றைத் தொகுத்து வெளியிட்ட சிறு நூலின் படிகளை ஆங்கில அரசு பறிமுதல் செய்து அழித்தது. அரசு அஞ்சியது ஏன்? பெயரும் ஊரும் நாளும் இருந்தால், ‘யார் காரணம்’ என்னும் கேள்வி தானே எழும், அதனால் அஞ்சியது. எந்த அரசும் குறிச்சீட்டைக் கண்டு அவ்வாறு அஞ்ச வேண்டியதில்லை.

நாம் கண்ட முடிவு

இதனால், துயர வரலாற்றைச் சீட்டில் எழுதவே கூடாது என்று நாம் விதி செய்யவில்லை. கோபேயின் கட்டு அவ்விதியை உடைத்துவிடும். வலியை எழுதுவது கலையின் கடமைகளுள் ஒன்று. ஆயினும் எழுதுமுன் கேட்க வேண்டிய கேள்விகள் உள. இது யாருடைய வலி? அவரைக் கேட்டோமா? எழுதியது உண்மையா? செய்தவர் யார் என்பது படத்தில் தெரிகிறதா, மறைகிறதா? இதை விலைக்கு வாங்குபவர் கையில் இது என்னவாகும்? இவற்றுக்கு விடை சொல்ல முடிந்தவர் துணிந்து எழுதலாம்.

பிறந்த மண்ணை விட்டு வேற்றூர்களில் வாழும் நம் குடும்பங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பயணக் கதை உண்டு. சிலருடையது வேலை தேடி வந்த கதை. சிலருடையது உயிர் தப்பி வந்த கதை. அதைச் சொல்லக்கூடிய முதியோர் ஒருவர் பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். இளைஞர் அக்கதையைத் தேடுவது நமக்கு மகிழ்ச்சியே. அவர்களைக் கடிந்து தடுப்பதும் தவறு. கதை அத்தோடு நின்றுவிடும்.

அந்தப் பெயரனிடம் நாம் சொன்னது இதுதான்: “படங்களை விடாதே. கலைக்க முடியாதபடி வரிசையாகத் தைத்து நூலாக்கு. ஒவ்வொரு படத்தின்கீழும் ஊரும் நாளும் எழுது. பாட்டியிடம் கேட்டு எழுது.” அவர் உடனே விடை கூறவில்லை. சில வாரங்கள் கழித்து அவ்வீட்டுக்குச் சென்றோம். பாட்டியார் கட்டிலில் அமர்ந்திருந்தார். பெயரன் தரையில் அமர்ந்து குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். மரத்தடிப் படம் அருகே கிடந்தது. அதன்கீழ் இப்போது ஒரு பெயர் இருந்தது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது. அதைச் சொன்னவர் பாட்டியார்தாம்.